மேசைத் தாளத்தில் பாடம்: வேலூர்ப் பக்கத்துப் பள்ளியில் ஹிப்ஹாப் தொடங்குவது எப்படி

வகுப்பில் ராப், அதாவது ஹிப்ஹாப்பில் தாளத்தோடு பேசும் பாட்டு, என்றதும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஆசிரியரே ஒரு பாட்டு எழுதுவார், சினிமா மெட்டில் அதை உட்காரவைப்பார், நாலு பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்து ஆண்டு விழாவில் ஏற்றிவிடுவார். கைதட்டல் கிடைக்கும். ஒரு வாரம் கழித்து அதே நாலு பேரிடம் மூன்றாவது வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் முழிப்பார்கள். எழுதியவர் ஆசிரியர், பாடத்தை இன்னொரு முறை படித்துக்கொண்டவரும் அவர்தான். ஆகவே வரியைப் பிள்ளைகள்தான் எழுத வேண்டும். ஒரு பக்கப் பாடத்தை வெட்டிச் சுருக்கி, 3 விநாடிக்குள் அடங்கும் ஒரு வரியாக்க அவர்கள் மல்லுக்கட்டுகிறார்களே, அந்த நேரம்தான் படிப்பு. மேடையும் மைக்கும் அதற்குப் பிறகு.

6 முதல் 9ஆம் வகுப்பு வரை இதற்கு ஏற்றது. பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளை விட்டுவிடுங்கள். அங்கே எல்லார் மனமும் வேறு கவலையில் இருக்கும். வாரம் 2 பீரியட் வீதம் 6 வாரம், மொத்தம் 12 பீரியட் போதும். பள்ளி விட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளைகள்தான் முதலில் நின்றுபோவார்கள்; அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு

நீளமாக வேண்டாம், பத்து நிமிடம். 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற குடியிருப்பில் சிண்டி கேம்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். பள்ளி திறக்கப்போகிறது, புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்பதுதான் காரணம். இசைத்தட்டுப் போட்டவர் அவள் அண்ணன் கிளைவ் கேம்பெல், பட்டப்பெயர் கூல் ஹெர்க். பாட்டில் பாடல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் எல்லாரும் அதிகம் ஆடுகிறார்கள் என்று கண்டுகொண்ட ஹெர்க், இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்தத் துண்டை நீட்டினார். அங்கிருந்துதான் இந்தக் கலை கிளைத்தது. இசைத்தட்டு ஓட்டும் டிஜே, தாளத்தில் பேசும் எம்சி, தரையில் ஆடும் பிரேக்கிங், சுவர் எழுத்தான கிராஃபிட்டி என்று நாலு அங்கம். ஐந்தாவதாக அறிவையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த ஐந்தாவதை மறக்காதீர்கள். வகுப்பில் அதற்கு ஒரு தனி ஆளே போடப்போகிறோம்.

பள்ளிப் பாடத்துக்கு இதைப் பயன்படுத்துவதும் புதிதல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியர் கிறிஸ்டபர் எம்டின், ஜிஸா என்ற ராப் கலைஞரோடு சேர்ந்து 2012–13 கல்வியாண்டில் நியூயார்க் அரசுப் பள்ளிகளில் ‘சயின்ஸ் ஜீனியஸ்’ என்ற திட்டத்தை நடத்தினார். அறிவியல் பாடத்தைப் பிள்ளைகளே ராப்பாக எழுதிப் போட்டியிட்டார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு: தமிழ் ராப்பில் பெயர் பெற்ற பாடகர் அறிவு, அரக்கோணத்துக்காரர். ‘இது எங்கியோ அமெரிக்காவுல நடக்கறது’ என்று நினைக்கும் பையன் அந்த ஒரு செய்தியில் நிமிர்ந்து உட்காருவான்.

அதைவிட முக்கியமானது, தாளம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது என்பது. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் பார்த்த பிள்ளைக்கு, பம்பை எங்கே வேகம் பிடிக்கும் என்று காதுக்குத் தெரியும். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்த பிள்ளைக்கு, ஒரு பாத்திரம் மேடைக்கு வருவதற்கு முன் எப்படிக் கட்டியம் கூறுவார்கள் என்று தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள். தலைகீழாகத் தொப்பி போட்டுக் கையை ஆட்டுவதிலிருந்து தொடங்கினால், நடிப்பு வரும், வரி வராது.

தயாரிப்பு

தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். எந்தப் பாடம், எந்த அலகு, எந்த பீரியட் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ‘ஹிப்ஹாப் பயிற்சி’ என்று எழுதினால் கலை நிகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு விளையாட்டு பீரியடைத் தருவார்கள். ‘எட்டாம் வகுப்பு சமூக அறிவியல், இந்த அலகு, திருப்புதல்’ என்று எழுதுங்கள். பக்கத்து அறையில் பாடம் நடத்துபவரிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்த முயற்சி பல இடங்களில் நிற்பது சத்தத்தால்தான். முடிந்தால் மரத்தடிக்குப் போய்விடுங்கள். தகரக் கூரை, சிமெண்ட் சீட் அறைகளில் எதிரொலியும் வெக்கையும் சேர்ந்துகொண்டால் 20 நிமிடத்துக்கு மேல் யாருக்கும் காது நிற்காது.

பொருள்கள் கொஞ்சம்தான். சீராக அடி தட்டிக்காட்டும் மெட்ரோனோம் செயலி ஏற்றிய ஒரு செல்பேசி, சின்ன ஸ்பீக்கர், 5 சார்ட் தாள், சாக்பீஸ், ஆளுக்கு ஒரு நோட்டு, பாடப்புத்தகம். ஸ்பீக்கரைப் புளூடூத்தில் இணைத்தால் தட்டுவதற்கும் ஒலி வருவதற்கும் நடுவே சிறு தாமதம் இருக்கும். மெட்ரோனோமை ஓடவிட்டுக் கேட்பதற்கு அது தொல்லை இல்லை. ஆனால் செல்பேசியில் விரலால் தட்டித் தாளம் வாசிக்கும் செயலி என்றால் பிள்ளை தடுமாறிப்போகும். அதற்கு ஒயர் போட்டு இணையுங்கள். கரண்ட் போனாலும் பாதகமில்லை, மேசை இருக்கிறது.

முதல் பீரியட்: தாளம் மட்டும்

எழுத்தே வேண்டாம். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 அடியில் வையுங்கள். நாலு அடி ஒரு சுற்று. 80-இல் ஒரு அடி முக்கால் விநாடி. ஒரு சுற்று 3 விநாடி. 8 சுற்று 24 விநாடி, 16 சுற்று 48 விநாடி. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள்.

மேசைத் தாளம் இப்படி:

ஒன்று: உள்ளங்கையால் பலகை நடுவில், டும்.
இரண்டு: விரல் நுனிகளால் ஓரத்தில், டக்.
மூன்று: நடுவில் இரண்டு முறை, டும்டும்.
நாலு: ஓரத்தில், டக்.

டும், டக், டும்டும், டக். ஹிப்ஹாப் தாளத்தின் எலும்புக்கூடு இதுதான். 40 பேரும் மேசையைத் தட்டினால் கட்டடம் அதிரும். 5 பேர் மேசையில், மற்றவர்கள் தொடையில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

இங்கே இரண்டு கோளாறு வரும். ஒன்று, வேகம் ஏறிக்கொண்டே போவது: 80-இல் தொடங்கிய கூட்டம் இரண்டு நிமிடத்தில் 100-ஐத் தொடும். உற்சாகம்தான் காரணம். ‘மெதுவா, மெதுவா’ என்று கத்தினால் குறையாது. டக்கை நிறுத்திவிட்டு டும் மட்டும் தட்டச் சொன்னால் தானாக அடங்கும். இன்னொன்று, அடி விழும் முன்பே வாயைத் திறப்பது. ஒவ்வொரு முறையும் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று ஒரு சுற்று எண்ணிவிட்டே தொடங்கும் பழக்கத்தை அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

பறை, பம்பை வாசிக்கத் தெரிந்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம். அவனோ அவளோ தானாகச் சொல்லும்வரை காத்திருங்கள். எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று பார்த்து ‘நீ நல்லா அடிப்பியே, வா’ என்று கூப்பிடுவது, சாதியை வகுப்பில் சுட்டிக்காட்டுவதாகிவிடும். அந்தப் பிள்ளை அன்றோடு ஒதுங்கிக்கொள்ளும். தோல் கருவி எதுவாக இருந்தாலும் முறை வைத்து எல்லார் கையிலும் போக வேண்டும்; யாரும் ‘எனக்கு வேணாம்’ என்று சொல்லி நழுவ இடம் கொடுக்காதீர்கள்.

வரிக்கு எவ்வளவு இடம்: மாத்திரைக் கணக்கு

தமிழில் ராப் எழுதும் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். வரி நீண்டுவிடும், பிள்ளை வேகமாகச் சொல்லிச் சமாளிக்கும், கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. இதற்கு மருந்து தமிழ் இலக்கணப் பாடத்திலேயே இருக்கிறது.

ஒரு அடியை நாலாகப் பிரியுங்கள். நாலு அடிக்கு 16 கட்டம். குறிலுக்கு ஒரு கட்டம், நெடிலுக்கு இரண்டு. மெய்யெழுத்து முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், தனிக் கட்டம் வேண்டாம். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரத்தை ஒன்றாகவே எண்ணுங்கள். அது குறுகித்தானே ஒலிக்கிறது. இலக்கணப்படி மெய்க்கு அரை மாத்திரை, குற்றியலுகரத்துக்கும் அரை மாத்திரை. ஆனால் வகுப்புக் கணக்குக்கு இந்த எளிய முறை போதும். மாத்திரை என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்த பிள்ளை, முதல் முறையாக அதைக் கையால் எண்ணும்.

ஒரு எடுத்துக்காட்டு, வேலூர்க் கோட்டைச் சிப்பாய் எழுச்சியைப் பற்றி:

ஆயிரத்தெண்ணூத்தி ஆறு, ஜூலை பத்து

ஆ 2, யி 1, ரத் 1, தெண் 1, ணூத் 2, தி 1, ஆறு 3, ஜூலை 3, பத்து 2. மொத்தம் 16. ஒரு கட்டமும் மிச்சமில்லை. அடுத்த வரி:

சிப்பாய் எழுந்தான் தலைப்பாகையை எதிர்த்து

இதுவும் 16. இரண்டு வரியும் நிரம்பிவிட்டதால் மூச்சு விட இடமில்லை. மூன்றாவது வரியில் பிள்ளைக்குக் குரல் தேயும். ‘தலைப்பாகை எதிர்த்து’ என்று ஐ உருபை எடுத்துவிட்டால் 15. அந்த ஒரு கட்டத்தில் மூச்சு வாங்கலாம். இரண்டு வரிக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொண்டு, இடத்தை நோட்டில் ஒரு சாய்கோட்டால் குறிக்கச் சொல்லுங்கள். 14, 15-இல் நிற்கும் வரிதான் நல்ல வரி. 20-ஐத் தாண்டினால் வரியைத்தான் வெட்ட வேண்டும், தாளத்தை இழுக்கக் கூடாது.

தகவல் முதலில், இயைபு பிறகு

மூன்றாவது பீரியடில் புத்தகத்தைத் திறக்கிறோம். ஒவ்வொரு குழுவும் அலகிலிருந்து 10 தகவலை ஒரு தாளில் எழுத வேண்டும். பக்க எண்ணும் போட வேண்டும். பிறகு அதில் விடவே கூடாத 4 எவை என்று வட்டமிட வேண்டும். இதற்கு ஒரு முழு பீரியட் கொடுங்கள். ‘எப்போ சார் பாட்டு?’ என்று நச்சரிப்பார்கள். அசையாதீர்கள்.

வேலூர்க் கோட்டையில் 1806-இல் நடந்த எழுச்சியை எடுத்துக்கொள்வோம். விடக்கூடாதவை: புதிய தலைப்பாகையும், சமயக் குறிகளுக்கும் தாடிக்கும் போட்ட தடையும், கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பம், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கிய கில்லெஸ்பி, அதன் பிறகு சென்னை ஆளுநர் பென்டிங்க் பிரபு திரும்ப அழைக்கப்பட்டது. கோட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை கூட்டிப்போய், அகழி, மதில், வாயில் எல்லாம் பார்த்து, ஆளுக்கு 5 சொல் எழுதிவரச் சொன்னால் வரிகளில் மண்ணும் கல்லும் வந்து சேரும்.

இப்போது வரும் ஆபத்து. ‘பத்து’ என்று முடித்த பிள்ளை அடுத்த வரிக்கு இயைபு தேடும். உடனே வாயில் வருவது:

கோட்டைக்குள்ளே புதைஞ்சிருக்கு திப்புவோட சொத்து

தாளம் கொஞ்சம் பிதுங்கினாலும் கேட்க அருமை. வகுப்பே கைதட்டும். ஆனால் புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை. கோட்டையில் இருந்தது குடும்பம். இயைபு இழுத்துக்கொண்டு வந்த கற்பனை இது. இப்படிப்பட்ட வரி ஒன்று நிச்சயம் வரும், அதைத் திட்டி அழிக்காதீர்கள். பலகையில் எழுதி, ‘எந்தப் பக்கத்துல இருக்குது?’ என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டித் தேடும் அந்த மூன்று நிமிடம், நீங்கள் அரை மணி நேரம் விளக்குவதற்குச் சமம்.

இன்னொரு நுட்பம். கலைச்சொல்லை வரியின் கடைசியில் வைக்காதீர்கள். ‘ஒளிச்சேர்க்கை’க்கு இயைபு தேடி ஒரு பீரியடே போய்விடும். தமிழ் வரியின் தலையில் ஒலி பொருத்தும் மொழி; எதுகையும் மோனையும் அதற்குத்தான். ஒளி என்று தொடங்கினால் வளி, துளி, வெளி என்று இரண்டாம் எழுத்து ஒன்றிய சொற்கள் வரிசையில் நிற்கும்:

ஒளியைப் பிடிக்கிற வேலை பச்சையத்துக்கு
வளியில கார்பன் டை ஆக்சைடு இலைக்கு
துளித்துளி தண்ணிய வேர் ஏத்தும் கிளைக்கு
வெளியில விடுது ஆக்சிஜன் நமக்கு

எண்ணிப் பாருங்கள்: 15, 16, 15, 14. தேர்வில் எழுத வேண்டிய கலைச்சொற்கள் அப்படியே இருக்கின்றன, மற்றதெல்லாம் பேச்சு. ஆனால் இந்த நாலு வரியில் ஒரு ஓட்டை உண்டு: செடி தயாரிக்கும் குளுக்கோஸைக் காணோம். அதைக் கூட்டுக்குரலில் வைக்கலாம். ‘செடிக்கு இன்னா சாப்பாடு?’ என்று ஒருவர் கேட்க, வகுப்பே ‘குளுக்கோஸ்!’ என்று சொல்லட்டும். இந்த வரிகள் உங்கள் பயிற்சிக்காக. பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் அவர்கள் எழுத மாட்டார்கள்.

இதே அலகில் ‘செடி பகல்ல ஆக்சிஜன் விடும், ராத்திரிதான் சுவாசிக்கும்’ என்ற வரியை ஏதாவது ஒரு குழு எழுதும். சுவாசம் இரவும் பகலும் நடக்கிறது. சாதாரணத் தேர்வுத்தாளில் இந்தக் குழப்பம் வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளும். பாட்டில் சத்தமாக வெளியே வந்துவிடும். இந்த முறையின் பெரிய பலனே இதுதான்.

பேச்சு வழக்கைத் திருத்தப் போகாதீர்கள். ‘இன்னா’, ‘கீது’, ‘அப்பால’ எல்லாம் வரட்டும். கலைச்சொல், ஆண்டு, பெயர் மூன்றும் புத்தகத்தில் உள்ளபடி இருந்தால் போதும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். குடியாத்தத்துக்கு மேற்கே தெலுங்கு பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். எட்டு வரியில் ஒரு வரி வீட்டு மொழியில் எழுதலாம், ஆனால் அதன் பொருளை வகுப்புக்குச் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். வாய் திறக்காத பிள்ளையின் குரல் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் முதலில் கேட்கும்.

குழுவில் யாருக்கு எந்த வேலை

40 பேர் என்றால் 5 பேர் கொண்ட 8 குழு. எழுதுபவர், சொல்பவர், தாளம் பிடிப்பவர், ஆடுபவர், சரிபார்ப்பவர். கடைசி ஆள்தான் அந்த ஐந்தாவது அங்கம்: புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கம் காட்ட முடியாத வரியைத் தடுக்கும் உரிமை அவருக்கு மட்டும். வாரம் ஒருமுறை வேலை மாற வேண்டும். மாற்றாவிட்டால் ஆறு வாரமும் அதே மூன்று பையன்கள் மைக்கைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருப்பார்கள். தனியாகச் சொல்லக் கூசும் பிள்ளைக்கு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் கொடுங்கள். அடுத்த வாரம் அரை வரி. அதற்கடுத்து முழு வரி.

கட்டியங்காரனைக் கூப்பிடுங்கள்

நம் தெருக்கூத்தில் ராஜா வந்து பாட்டாகவும் வசனமாகவும் தன் பெருமை பேசுவான். கட்டியங்காரன் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பான், கிண்டல் செய்வான், ராஜா சொன்னதை ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்வான். எம்சி செய்யும் வேலையில் பாதியை இவன் இந்த வட்டாரத்தில் எப்போதோ செய்துவிட்டான். வகுப்பில் இவனுக்கு ஒரு நாற்காலி போட்டால் பாடம் இரண்டு மடங்கு பதியும்.

ஒரு குழு இரண்டு வரி சொல்லி நிறுத்தும். கட்டியங்காரனாக நிற்கும் பிள்ளை கேட்கும்: ‘பச்சையமா? அது யாரு, உங்க சித்தப்பாவா?’ குழு தாளத்தை விடாமல் வசனத்தில் பதில் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்தவர் இங்கே மாட்டிக்கொள்வார்; புரிந்தவர் ஏதாவது ஒரு வழியில் சொல்லிவிடுவார். கேள்விகளை முன்னதாகக் குழுவுக்குக் காட்டக் கூடாது. ஒரு குழுவுக்கு 3 கேள்வி போதும்.

கூத்து, பம்பைக் கலைஞர் ஒருவரை ஒரு பீரியடுக்கு அழைத்துவருவது மிக நல்லது. பங்குனி முதல் ஆடி வரை கோயில் வேலை நெருக்கும், மற்ற மாதங்களில் கேளுங்கள். சம்பளம், வண்டிச் செலவு, சாப்பாடு மூன்றையும் முன்கூட்டியே பேசி, அன்றே கையில் கொடுங்கள். ‘பிள்ளைங்களுக்காக’ என்று சொல்லி இலவசமாக வரவழைப்பது, அவர் தொழிலை இழிவாக நடத்துவதாகும். பிள்ளைகளும் அதைக் கவனிப்பார்கள்.

கணக்குக்கு ஒரு பீரியட்

மீச்சிறு பொது மடங்கைக் கையால் கேட்கவைக்கலாம். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ‘தகதிமி’ என்று 4 எண்ணி முதல் எழுத்தில் தட்டட்டும். வலப்பக்கம் ‘தகதகதிமி’ என்று 6 எண்ணி முதல் எழுத்தில் தட்டட்டும். ஒன்றாகத் தொடங்கினால் மறுபடி எப்போது சேர்ந்து தட்டுவார்கள்? பெரும்பாலான பிள்ளைகள் நாலாறு இருபத்து நாலு என்பார்கள். தட்டிப் பார்த்தால் 12 முடிந்து 13ஆம் எண்ணிலேயே இரண்டு தட்டும் ஒன்றாக விழும். ஏன் பாதியிலேயே சேர்ந்தது என்ற கேள்விக்குப் பொதுக் காரணி 2-தான் பதில். பிறகு ‘தகிட’ 3, ‘தகதகிட’ 5 என்று மாற்றுங்கள். இங்கே பொதுக் காரணி இல்லை. 15 முழுவதும் ஓடிய பிறகுதான் சேரும். மெட்ரோனோம் கட்டாயம் ஓடட்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மறுபக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

சுவர், ஆட்டம்

கிராஃபிட்டி என்றால் கண்ட சுவரில் எழுதுவது என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம்; அதன் மதிலில் பெயர் கிறுக்குவது சட்டப்படி குற்றம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நமக்குச் சார்ட் தாள் போதும். பள்ளிச் சுவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்பிரே வேண்டாம், அதன் நெடி பிள்ளைகளுக்கு ஆகாது. சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பரும் தூரிகையும் எடுங்கள். தாளில் 2 செ.மீ. கட்டம் போட்டு வரைந்து, சுவரில் 20 செ.மீ. கட்டத்துக்கு மாற்றினால் பத்து மடங்கு. விகிதப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். கட்சி விளம்பரமும் போர்டும் எழுதுபவர்கள் நூலில் வண்ணப்பொடி தடவிச் சுண்டி நேர்கோடு போடுவார்கள், அந்த முறையைப் பயன்படுத்துங்கள். அலகின் ஒரே ஒரு கலைச்சொல்லை எடுத்துப் பருத்த எழுத்தில் வரைந்து, எழுத்தின் வயிற்றுக்குள் படம் போடச் சொல்லுங்கள். ‘அகழி’ என்ற சொல்லின் ழகர வளைவுக்குள் தண்ணீர் ஓடட்டும்.

ஆட்டத்தில் ஒரே விதி: சிமெண்ட் தரையில் தலை கீழே போகக் கூடாது. தலையில் நின்று சுற்றுவது, குட்டிக்கரணம் எதுவும் வேண்டாம். பிரேக்கிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதால் பிள்ளைகள் காணொளியில் பார்த்துவிட்டு முயல்வார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள். நின்றபடி ஆடும் அடிகள் போதும். சிலம்பக் காலடி தெரிந்த பிள்ளை இருந்தால் அதையே தாளத்தில் பொருத்தலாம். தரையில் நூலால் வட்டம் போட்டு, ஆரம் அளவுக்கே நூலைப் பிடித்துச் சுற்றிலும் குறித்துக்கொண்டு போனால் சரியாக ஆறு புள்ளி விழும். அந்த ஆறு புள்ளியில் கால் வைத்து ஒரு சுற்று வரட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே 60 பாகை என்பது காலுக்கே தெரிந்துவிடும்.

எதிர்ப்பாட்டு

ஹிப்ஹாப்பில் இருவர் எதிரெதிரே நின்று சொல்லால் மோதுவது உண்டு. நம் லாவணியிலும் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாக நின்று கேள்வியும் பதிலுமாகப் பாடுவார்கள். ஒன்பதாவது பீரியடில் இதை வையுங்கள், அதற்கு முன் வேண்டாம். வரி எழுதிப் பழகாத பிள்ளை எதிரில் நின்றால் வசைதான் வரும். நிறம், உடம்பு, சாதி, மதம், பெற்றோர் வேலை இவை ஐந்தும் தொடக் கூடாதவை. தொட்டால் அந்தக் குழுவின் முறை அங்கேயே முடியும். தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஐந்தாவது விதி மிக முக்கியம். ஒரு குழு இரண்டு வரியில் கேள்வி போடும். மற்றது இரண்டு வரியில் பதில் சொல்லும். யோசிக்க 4 சுற்று, அதாவது 12 விநாடி. தவறான விடையைத் தாக்கலாம், சொன்னவரைத் தாக்கக் கூடாது.

மேடை, பதிவு, மதிப்பெண்

ஒரு குழுவுக்கு 8 வரி, கூட்டுக்குரல் 4 சுற்று: 36 விநாடி. 8 குழுவுக்கும் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். இறைவணக்கக் கூட்டத்திலேயே வைத்துவிடலாம். அரசுப் பள்ளிகளில் 2022–23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்கு அனுப்ப நினைத்தால், போட்டி விதியைப் பார்த்துத் தனியாகத் தயார் செய்யுங்கள். அதற்காக வகுப்பின் 12 பீரியடைக் கரைக்காதீர்கள்.

பதிவு செய்வதென்றால் வெறும் சுவர் உள்ள அறை வேண்டாம், நூலக அறை நல்லது; புத்தகங்கள் எதிரொலியை விழுங்கும். ஃபேனை நிறுத்துங்கள். செல்பேசியை மடித்த துணிமேல், வாயிலிருந்து ஒன்றரை அடியில் வையுங்கள். தாளத்தை ஒரு பிள்ளை காதில் மாட்டிக் கேட்டுக் கையசைக்கட்டும். முகம் தெரியும் காணொளி எடுக்கப் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாங்காததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூட வைக்காதீர்கள்.

மதிப்பெண் 20-க்கு: தகவல் சரியாக இருப்பதற்கு 8, கட்டியங்காரனுக்குச் சொன்ன விளக்கத்துக்கு 5, தாளத்துக்கு 4, ஐந்து பேரும் பங்கெடுத்ததற்கு 3. குரல் வளத்துக்கு மதிப்பெண் இல்லை.

நிகழ்ச்சி முடிந்து சரியாக ஒரு வாரம் கழித்து, கடைசி பீரியடில் தாளம் இல்லாமல் 5 கேள்வி கொடுங்கள். அதில் ஒன்று, ‘உங்கள் பாட்டை உரைநடையில் எழுதுக’ என்று இருக்கட்டும். சிலர் பாட்டை அப்படியே எழுதுவார்கள். அவர்களுக்குச் சொல் நினைவிருக்கிறது, பொருள் சேரவில்லை. அவர்களோடு மறுபடி தகவல் தாளுக்குப் போக வேண்டும். எல்லாக் குழுவின் வரிகளையும் ஒரே நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், அடித்த வரிகளையும் சேர்த்து. அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து நல்ல பாட்டுகளைக் காட்ட வேண்டாம். தவறிய வரிகளை மட்டும் பலகையில் எழுதி, எந்தப் பக்கத்தோடு முட்டுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.